பொங்கலுக்கு வெள்ளையடிக்காத சுவர்

சினிமாவுக்கு வீடு கேட்டு வருகிறவர்களைத் திருக்கோகர்ணத்தில் யாரும் லேசில் நம்புவதில்லை. ஆணி அடிப்பார்கள், கதவைக் கழற்றுவார்கள், வேலை முடிந்தால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அடைக்கலம் மட்டும் இளமதியை நம்பிச் சாவியைக் கொடுத்தார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி போன பிறகு ஒண்டிக்கட்டை. ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்.

"உள் ரூமுல இந்த எடத்த மட்டும் தொடாதீங்கம்மா. பொங்கலுக்கு வீடு பூரா வெள்ளையடிப்பேன், இத மட்டும் விட்ருவேன்."

ஒரு முழ அகலத்துக்கு அழுக்கேறிக் கிடந்தது அந்தச் சுவர். அதில் பென்சில் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வயது. மகள் ராஜலட்சுமியைப் பிறந்தநாள் தவறாமல் நிற்க வைத்து, தலையில் ஸ்கேலை வைத்து அவர் போட்டவை. எட்டு வயதுக் கோடு மட்டும் கோணல், குதித்துவிட்டாளாம். அந்த ராஜி வளர்ந்து, பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். "இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார் இவர். ரோஷக்காரி, ஒன்பது வருஷமாக மிதிக்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பது இவருக்கே சொன்னதுதான். மிச்சம் இருப்பது அந்தச் சுவர். தினமும் காலையில் காப்பித் தம்ளரோடு போய் நின்று, கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவுவார்.

"தொடமாட்டோங்க ஐயா. நான் பொறுப்பு," என்றாள் இளமதி.

ஆர்ட் டைரக்டராக அவளுக்கு இது முதல் படம். பிள்ளைகள் போய்விட்ட வீட்டில் ஒரு கிழவர், அதுதான் கதை. அவருடைய தனிமையை வசனம் சொல்லக் கூடாது, வீடே சொல்ல வேண்டும் என்றார் டைரக்டர். சொல்லிவிட்டுப் போவதற்கு என்ன, செய்கிறவளுக்கல்லவா தெரியும் கஷ்டம். ஒட்டடையும் தூசியும் பூசக் கிளம்பிய அசிஸ்டென்டை அவள் தடுத்தாள். தனியாக இருக்கிறவர் வீடு சுத்தமாகத்தான் இருக்கும். பொழுது போக வேண்டுமே. அடுக்கிய ஆறு தட்டுகளில் ஒன்றை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழவைத்தாள். மற்ற ஐந்தும் பளபளத்தன. ஹாலில் போட்டோ கழற்றிய இடம் சதுரமாக வெளுத்துத் தெரியும்படி விட்டாள். கடைசியாக, அதே ஹால் சுவரில் ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் பென்சில் கோடுகள் போட்டு, டீத்தண்ணி தொட்டுப் பழசாக்கினாள். உள் ரூம் சுவரைப் பார்த்துப் போட்டவைதான்.

டைரக்டர் மானிட்டரைப் பார்த்து "ம், ஓகே" என்றார். எட்டு வருஷம் அசிஸ்டென்டாக இருந்து அவள் காத்திருந்த வார்த்தை அது இல்லை. நெசம் மாதிரியே இருக்கு என்று ஒரு வாய் சொல்லிவிடாதா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. ஊரார் சுவருக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவள், சென்னையில் தன் வாடகை அறையில் ஒரு காலண்டர் மாட்டியதில்லை. வீட்டில் சொல்லிக்கொள்ளவும் யாரும் இல்லை.

ஷூட்டிங் சித்தன்னவாசலுக்கு மாறியது. அடைக்கலம் மணமேல்குடியில் தங்கச்சி வீட்டில் இருந்தார். வீட்டைப் பழையபடி ஆக்கித்தர வேண்டும். இளமதி பெயின்டர் சேவுகனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, பென்சில் கோடு போட்ட சுவத்த வெள்ளையடிச்சு விட்ருங்க."

எந்தச் சுவர் என்று சொல்லவில்லை. ஆயிரம் வேலைக்கு நடுவே போட்ட போன் அது.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஹாலும் வெள்ளை, உள் ரூமும் வெள்ளை.

"ரெண்டுலயும் கோடு இருந்துச்சும்மா. ரெண்டும் நம்ம செட்டுதானேன்னு நெனச்சேன்," என்றார் சேவுகன்.

அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. வித்தியாசம் தெரியாதபடி போட்டவள் அவள்தானே.

மதியம் அடைக்கலம் வந்துவிடுவார். செல்போனில் அந்தச் சுவரின் போட்டோக்கள் இருந்தன. அவற்றைப் பார்த்து அழுதுகொண்டே அளந்து, அதே இடத்தில் மறுபடி போட்டாள். அழுக்கு, கோடுகள், அவருடைய குண்டு குண்டான எழுத்து, எட்டு வயதின் கோணல், எல்லாம் அப்படியே வந்தன. வந்ததும் சொல்லிவிடலாம் என்று நூறு தடவை நினைத்தாள். நூறு தடவையும் தைரியம் வரவில்லை.

அவர் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தார். "ஒனக்குத்தான் ஆத்தா. மெட்ராஸ்ல இப்புடிக் கெடைக்காது."

பையை வைத்துவிட்டு நேரே உள் ரூமுக்குப் போனார். இளமதியும் பின்னாலேயே போனாள். வழக்கம்போல் கீழ்க்கோட்டிலிருந்து தடவிக்கொண்டே வந்தவர், பாதியில் நின்று விரலைத் திருப்பிப் பார்த்தார். நுனி கறுத்திருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கையில் ஒட்டாத கரி.

"ஐயா..." என்றாள்.

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கோடுகளைக் கீழிருந்து மேல்வரை நிதானமாகப் பார்த்தார். கோணல் கோட்டில் கொஞ்ச நேரம் கண் நின்றது.

"நல்லாருக்கும்மா," என்றார். "நெசம் மாதிரியே இருக்கு."