இரண்டு குழாய், ஒரே கை

1

இந்தக் கதை என் கையெழுத்தில் பிறந்தது. 2006இல் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸ் வேலை. ரத்தப் பரிசோதனை கேம்ப் வந்தபோது குழாய்களில் பெயர் எழுதி ஒட்டச் சொன்னார்கள். இரும்புச்சத்து பார்த்தார்கள், பின்பக்கம் பழைய பேட்டரி உருக்கும் கொட்டகை இருந்ததால் ஈயமும் பார்த்தார்கள்.

(முதலில் ‘சிவந்த ரத்தம்’ என்று ஆரம்பித்தேன். வேறு எந்த நிறத்தில் இருக்கும்? அடித்துவிட்டேன்.)

2

சித்ராதேவி கைமடி, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுப்பவள். ஐந்து மாதக் கர்ப்பம். தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று மறைத்திருந்தாள். ரத்தம் எடுத்தால் அதுவும் தெரிந்துவிடும் என்று பயம். அதனால் செக்கிங்கில் இருந்த ஒச்சம்மாள், ஆள் வாட்டசாட்டம், அவள் டோக்கனையும் வாங்கிக்கொண்டு இரண்டாம் முறை வரிசையில் வந்தாள். கையை நீட்டினாள். அப்போது நான்

(இந்த வாக்கியத்தை நான்கு முறை பாதியில் விட்டிருக்கிறேன்.)

3

ரிசல்ட்: இரண்டு பெயருக்கும் ஹீமோகுளோபின் ஏழு. ஈயம் பயப்படும் அளவில் இல்லை.* திடமானவள் என்று நான் எழுதிவைத்த ஒச்சம்மாளுக்கா சோகை? என் பாத்திரத்தை எனக்கே தெரியவில்லை.

இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கிறதே, பெயர் மாறிவிட்டதா என்று டாக்டரம்மா கேட்டார். கவனிக்கவில்லை என்றேன். சனிக்கிழமை மறுபடி எடுப்போம் என்றார்.

* ஒச்சம்மாள் ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் வருபவள். கொட்டகைச் சுவரை ஒட்டிக் குடியிருப்பது சித்ராதேவி.

4

முடிவு ஒன்று: டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்கிறேன், சித்ராதேவி அழுதுகொண்டே (சினிமாத்தனம். வேண்டாம்.)

முடிவு இரண்டு, ஏறக்குறைய நடந்தது:

“அம்முணி, அது உன்ற ரத்தம் இல்லீல்ல. வயித்துப் புள்ளைக்காவது ஒருக்கா பாத்துரு.”

என்றேன். சித்ராதேவி ரவிக்கைக்குள்ளிருந்து ரிப்போர்ட்டை எடுத்துப் பிரித்தாள்.

“எம் பேருக்கு ஈயம் இல்லைன்னுதானண்ணே போட்டிருக்கு. பேரு எழுதுனது நீங்கதான?”

நம்புகிறாளா, நம்பப் பார்க்கிறாளா? எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

5

சனிக்கிழமை. வரிசையில் சித்ராதேவி, பக்கத்திலேயே ஒச்சம்மாள். டோக்கன் யார் கையில் என்று இங்கிருந்து தெரியவில்லை. குழாயும் பேனாவும் இனி உங்களிடம். எழுதும் முன் நீட்டிய கை யாருடையது என்று நிமிர்ந்து பாருங்கள்.

பார்த்தால் மட்டும் போதாது. நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.