நிற்காமல் ஒரு பாட்டு

கிதாரை எடுப்பதற்காக அவர் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தபோதுதான், வண்டி வந்துவிட்டதாக மகள் வந்து சொன்னாள்.

“என்னப்பா பண்றீங்க? எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க.”

“இந்தா, இதப் பிடி.”

முதலில் கிதாரின் கழுத்து வெளியே வந்தது. பிறகு முழங்கையெல்லாம் தூசியோடு அவர் வந்தார்.

“இது எதுக்கு இப்போ?”

“உங்கம்மா சொல்லியிருக்கா.”

உங்கம்மா கூடத்தில், பெட்டிக்குள் படுத்திருந்தாள். நேற்றுக் காலை அவள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள், நல்ல சாவு என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். யாருக்கு நல்லது என்று கேட்க அவருக்கு வாய் வரை வந்தது.

வாழ்நாள் முழுக்கத் துணிக்கடையில் உட்கார்ந்து ஊரார் பேன்ட்டுகளைக் குட்டையாக்கிக் கொடுத்தவள் அவள். வேலையை விட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மாடி வீட்டில் இருந்த பார்லர்க்காரப் பெண் சாயங்காலங்களில் கிதார் வாசிப்பாள். ஒருநாள் அவளிடமே போய், “இருக்கறதுலயே சுலபமான பாட்டு ஒண்ணு சொல்லிக்குடு” என்று நின்றிருக்கிறாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பழைய கிதார்.

“கிழவிக்கு வந்த ஆசையப் பாரு” என்றார் அவர்.

“உங்கள யாரு கேட்டா? தாளம் போடுங்க, போதும்.”

லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவருக்குச் சமையலறை மேசையில் கரண்டியால் தாளம் போடும் வேலை இப்படித்தான் கிடைத்தது.

மழை வருது, கொடியில் கிடக்கும் துணியை எடு என்று போகிற நாலு வரிப் பாட்டு. ஒவ்வொரு வரியிலும் விரல்களை மாற்றி வைக்கும் இடம் நாலு. மூன்று இடங்களில் அவள் விரல்கள் சொன்னபடி கேட்டன. நாலாவது இடத்தில் மட்டும் மக்கர் பண்ணின. அங்கே ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து இரண்டு கம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். சரியாக அழுத்தாவிட்டால் டொக்கென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். வரிக்கு ஒரு தடவை அந்த இடம் வந்து தொலைக்கும். வந்ததும் அவள் வலது கை நின்றுவிடும்.

“பொறு, பொறு” என்பாள்.

கடையில் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு, நெளிகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. இங்கே விரலிடம் சொன்னாளா, பாட்டிடம் சொன்னாளா, புருஷனிடம் சொன்னாளா என்பது தெரியாது. அவர் கரண்டியை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். விரல்கள் ஒவ்வொன்றாகப் போய் அதனதன் இடத்தில் உட்காரும். பிறகு அவள் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். கரண்டி இறங்கும். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும். நாளடைவில் அவருக்கு அந்தக் காத்திருப்பும் பாட்டில் ஒரு பகுதியாகிவிட்டது. வேறு யார் வாசித்தும் அவர் அதைக் கேட்டதில்லை.

போன வாரம் கிதாரைத் துடைத்தபடியே சொன்னாள்: “நான் போறப்பவாவது அந்தப் பொண்ண விட்டு இதுல ஒரு தடவ நிக்காம வாசிக்கச் சொல்லுங்க. பாவம் இது, என் கையில மாட்டிக்கிட்டு முழி பிதுங்கிக் கெடக்கு.”

“முதல்ல போறது நான்தான். நீ கவலைப்படாத.”

“ஆமா, இதுலயும் முந்திக்கணும் உங்களுக்கு.”

மகள் கிதாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “எல்லாரும் என்னப்பா நெனப்பாங்க?”

“நெனச்சுட்டுப் போறாங்க.”

பார்லர்க்காரப் பெண் கூடத்தில் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். காலையில் தலை வாரிவிட்டவள் அவள்தான். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கிதாரை வாங்கி மடியில் வைத்தாள். முனையிலிருந்த திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சுருதி சேர்த்தாள். வாசலில் பேச்சு அடங்கியது.

வாசித்தாள். அவர் பெட்டியருகே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் தாளம் போட்டார். அந்த இடம் வந்தது. அவர் கை தானாக நின்றது. பாட்டு நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அவர் தட்டுத் தடுமாறி அடுத்த வரியில் போய்ச் சேர்ந்துகொண்டார். அங்கேயும் கை நின்றது, பாட்டு போய்விட்டது. இனி எங்கே பிடிப்பது என்று யோசிப்பதற்குள் முடிந்தும் விட்டது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்ணா. சின்னப் பாட்டுதான்.”

ஒரு சாயங்காலம் முழுக்க வருகிற பாட்டென்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார்? யாரோ ஏமாற்றிவிட்டது போலக் கோபம் வந்தது.

வண்டி டிரைவர் வாசற்படியருகே வந்து தயங்கினான். “கிளம்பலாங்களா? அங்க காத்துட்டிருப்பாங்க.”

மகள் அவர் தோளைத் தொட்டாள். “அம்மா கேட்டபடி செஞ்சாச்சுப்பா. எந்திரிங்க.”

“அவ கேட்டது ஆச்சு. எனக்கு இன்னொரு தடவ வேணும்.” பார்லர்க்காரப் பெண் பக்கம் திரும்பினார். “அவ வாசிக்கிற மாதிரி வாசிம்மா. அந்த எடத்துல நிறுத்து.”

“எவ்வளவு நேரம்ணா நிறுத்தணும்? அக்கா மேல வந்து கத்துக்கிட்டதோட சரி. வீட்டுல எப்படி வாசிச்சாங்கன்னு எனக்குத் தெரியாதே.”

“எனக்குத் தெரியும். நான் சொல்றேன்.”

எழுந்து சமையலறைக்குள் போனார். தட்டு ஸ்டாண்டில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பழைய எவர்சில்வர் கரண்டியோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. நாற்காலிக் கையில் கரண்டி விழுந்து விழுந்து எழுந்தது. இந்த முறை பிசகவில்லை. அந்த இடம் வந்தது.

“பொறு” என்றார்.

பார்லர்க்காரப் பெண்ணின் கை நின்றது. உள்ளே ஒரு காலை வைத்திருந்த டிரைவரும் அப்படியே நின்றுவிட்டான். வெளியே யாரோ செருமினார்கள், பிறகு அதுவும் இல்லை.

கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் பெட்டிக்குள்ளிருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.