மணி அடித்தால் விசிலடிப்பார்கள்

குத்தாலத்துக்குப் பக்கத்தில் மிராசுதார் இராஜாங்கம் கட்டிய சினிமாக் கொட்டகைக்கு லைசென்ஸ் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். தீ மணியை அமுக்கினால் படத்தின் சத்தம் உடனே நிற்க வேண்டும், கொட்டகை விளக்கு அத்தனையும் எரிய வேண்டும். அந்த இருட்டிலும் இரைச்சலிலும் வெறும் மணி எந்தக் காதில் விழும்? நியாயமான நிபந்தனைதான். அதிகாரி வந்து அமுக்கிப் பார்த்தார். சத்தம் நின்றது, விளக்கு எரிந்தது. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

நம் ஊர் ரசிகர்களைப் பற்றிச் சட்டம் எழுதியவருக்கு என்ன தெரியும்? கதாநாயகன் திரையில் வந்து நின்றால் இவர்களுக்குக் கை சும்மா இருக்காது. காகிதத்தைக் கிழித்து வீசுவார்கள், திரைக்கு முன்னால் சூடம் கொளுத்துவார்கள், அதுவும் போதாதென்று ஓடிப்போய்த் தீ மணியை அமுக்குவார்கள். மணி அடித்தால் தலைவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். கொட்டகையே விசிலடிக்கும். முதல் தடவை அப்படி அமுக்கியபோது சத்தம் நின்று விளக்கும் எரிந்து, தலைவர் முகம் திரையில் வெளுத்துப்போனது. ஆத்திரத்தில் பெஞ்சுகளை உடைத்துவிட்டார்கள்.

இராஜாங்கம் சூடத்தைத் தடுத்தாரா? மணிக்குக் காவல் போட்டாரா? அதெல்லாம் இல்லை. மணியிலிருந்து சத்தத்துக்கும் விளக்குக்கும் போன கம்பியை வெட்டச் சொன்னார். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மாட்டுக்காரன் பேரிலும் சமையல்காரன் பேரிலும் நிலத்தை எழுதிவைத்துத் தப்பியவருக்கு ஒரு கம்பி எம்மாத்திரம்?

பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கும் எல்லையம்மாள் அன்றைக்கே கேட்டாள். "நெசமாவே தீப்புடிச்சா என்ன பண்றதுங்க மொதலாளி?"

"புடிக்கும்போது பாத்துக்கலாம், நீ போய் வாசலப் பாரு" என்றார் அவர்.

தை மாதம் தீப்பிடித்தது. அறுவடைக் கூலி புழங்கும் நேரம், புதுப்படம், மதியக் காட்சி. சூடம் திரையின் கீழ்விளிம்பைப் பற்றிக்கொண்டது. யாரோ ஒரு புண்ணியவான் உண்மையாகவே பயந்துபோய் மணியை அமுக்கினான். கொட்டகை விசிலடித்தது. அவன் விடாமல் அமுக்க, இவர்களும் விடாமல் விசிலடித்தார்கள்.

வாசலில் நின்ற எல்லையம்மாள் புகையைப் பார்த்தாள். இடைவேளைக்குப் போடும் சுவிட்சுகளைத் தட்டி விளக்கை எரியவிட்டாள். "ஏய், வெளக்க அணை" என்று நாலு பக்கமிருந்தும் வசவு வந்தது. பாட்டுச் சத்தத்தில் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. படியேறி ஓடி, ஆபரேட்டர் ரெத்தினத்தின் கதவை இடித்தாள்.

"நிறுத்துனா மொதலாளி வைவாருக்கா" என்றான் அவன்.

"வையட்டும். கீழ எரியுது, நிறுத்துடா."

சத்தம் நின்ற பிறகுதான் ஜனங்களின் கண்ணுக்குத் தீ தெரிந்தது. அலறி அடித்துக்கொண்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். எல்லையம்மாளின் தெருக்காரி ராமாயியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெரிசலில் மிதிபட்டு அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நாற்று நட்டுப் பிழைத்தவள், இனிமேல் வயலில் குனிய முடியாது.

தாசில்தார் விசாரணைக்கு வருவதற்கு முதல் நாள், இராஜாங்கம் எல்லையம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார். அவளுடைய குடிசை அவர் நிலத்தில், வாய்க்கால் கரையில் இருந்தது. குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்த பிறகும், அது குடியிருப்பே அல்ல, என் களத்துமேடு என்று அவர் ஆட்சேபணை போட்டு வைத்திருந்தார்.

"மணி அடிச்சதும் எல்லாம் தானா நடந்துச்சுன்னு சொல்லிடு. உன் மனை மேல போட்ட ஆட்சேபணைய நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

எல்லையம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சட்டம் கொடுத்த மனையைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதையே இவர் தானம் பண்ணுகிறாராம். ராமாயியின் இடுப்புக்கு அதுதான் விலையாம். அப்படியே திரும்பி நடந்தாள்.

மறுநாள் கொட்டகை ஆபீசில் தாசில்தார் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் இராஜாங்கம். எல்லையம்மாள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். கம்பியை வெட்டச் சொன்னது, விளக்கைப் போட்டது, கதவை இடித்தது, எதையும் விடவில்லை. அப்புறம் முதல் நாள் பேச்சையும் சொன்னாள்.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார். "உன் மனை விவகாரமும் என்கிட்டதான் இருக்கு. தெரியுமில்ல?"

இவரும் அதையேதான் சொல்கிறார். அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பயமும் அந்த ஒரு பேச்சில் போய்விட்டது.

"தெரியுங்க. நான் சொன்னத எழுதிட்டீங்கன்னா படிச்சுக் காட்டுங்க."

அவர் வேண்டாவெறுப்பாகப் படித்தார். கம்பி இருந்தது, விளக்கு இருந்தது, ராமாயி இருந்தாள். படித்து முடித்து, கைநாட்டுக்கு மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

எல்லையம்மாள் கையை நீட்டவில்லை.

"மொதலாளி மனைய வச்சு பேரம் பேசுனத விட்டுட்டீங்க. அதையும் எழுதிட்டு, மறுபடி மொதல்லேருந்து படிங்க."