மாதிரித் துண்டைச் செய்தவர்

1

இந்தக் கதை ஒரு றிப்போட்டிலிருந்து வந்தது. தொண்ணூற்றெட்டில் நான் கையெழுத்துப் போட்ட இரண்டு பக்க றிப்போட். அதிலுள்ள ஒரு வரி என்னை விடுவதாயில்லை. கதையாக எழுதினாலாவது விடுமா என்று பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: ‘கொட்டாஞ்சேனையில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை’ [மழை பெய்ததாக ஞாபகம் இல்லை. வெட்டியாயிற்று.]

இரண்டாவது: ‘வெள்ளவத்தையில் யோகநாதன் என்றொரு பொறியியலாளர்’ [யோகநாதன் நான்தான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். அந்த ஆள் என்னைவிட நல்லவனாகிக்கொண்டே போனான்.]

2

விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பில் பொரளைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் மோட்டாரின் தண்டு தேய்ந்துபோனது. புதியது வர மாதக்கணக்காகும். மாளிகாவத்தையில் வேர்க்‌ஷொப் வைத்திருந்த புவாத், தேய்ந்த இடத்தில் வெல்டிங்கால் படைபடையாக உருக்கை ஏற்றிக் கடைந்து தந்தார். வெல்டிங் செய்தவன் பெரியதம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த இருபத்தாறு வயதுக்காரன்.

இப்படி ஏற்றிய உருக்கு ஆறும்போது சுருங்கும். ஒரு படை மற்றதை இழுக்கும். அந்த இழுவை உள்ளேயே தங்கிவிடும். எஞ்சிய தகைப்பு என்போம். அது கூடிப்போனால் தண்டு ஒருநாள் வெடிக்கும், லிஃப்டுக்குள் நோயாளி இருப்பார்.

அதை அளந்து சான்று கொடுப்பது ஆய்வுகூடத்தில் என் வேலை. அளக்க இரண்டு வழி. உணரி ஒன்றை ஒட்டி, அதன் நடுவே சின்னத் துளை போட்டால் இழுவை எவ்வளவென்று தெரியும். ஆனால் சாமானில் துளை விழும். மற்றது காந்தமானி. இழுபட்ட உருக்கு காந்தமாகும் விதம் மாறும், அதை எண்ணாகக் காட்டும். அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்ல ஓர் ஒப்பீடு வேண்டும். ஆகவே அதே வெல்டர் அதே கம்பியால் ஒரு மாதிரித் துண்டு செய்து தருவார். துளை துண்டுக்கு மட்டும், காந்தமானி இரண்டுக்கும்.

(அடிக்குறிப்பு: இந்தப் பந்தியைத் தூக்கிவிடலாமே என்றாள் என் மனைவி நேசமலர். தூக்கினால் நான் செய்தது என்னவென்று ஒருவருக்கும் விளங்காது. இருக்கட்டும்.)

3

துண்டு புதன்கிழமை வந்தது. துளை போட்டேன். இழுவை எதிர்பார்த்ததைவிடக் கூட. வெட்டி, மினுக்கி, அமிலம் பூசியதும் படைகள் தெரிந்தன. எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தன. பெரியதம்பி அப்படிச் செய்யமாட்டான், அவன் வேலையை முன்பும் பார்த்திருக்கிறேன். ஒரு படையை இடமிருந்து தொடங்கினால் அடுத்ததை வலமிருந்து தொடங்குவான்.

புவாத்திடம் போய் இது ஆருடைய வேலை என்று கேட்டேன்.

“மத்த வெல்டர் மஜீட் செஞ்ச சேர். பெரியதம்பி செவ்வாக்கெழம வேலக்கி வரல்ல.”

செவ்வாய் முழுக்க அவன் வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷனில், காசு கொடுத்துப் போன் பேசும் கடையில், கனடாவிலிருந்து வரவேண்டிய அக்காவின் அழைப்புக்காகக் காத்திருந்தானாம். அழைப்பு வரவில்லை. கடைக்காரருக்கு அவன் முகம் ஞாபகமில்லை. மறுநாள் காலை லொட்ஜில் சுற்றிவளைப்பு, அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை எங்கே நின்றாய் என்பதுதான் பொலிஸின் கேள்வி. அன்று என்னிடம்தான் வேலை செய்தான் என்று புவாத் பொலிஸில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

முதலாளி சொன்னால் மட்டும் நம்பமாட்டார்கள் என்றார் அவனுக்காக வந்த புதுக்கடை நீதிமன்ற லோயர் பத்மாவதி.

“வெளியாள் ஒருத்தற்ற கையெழுத்தோட, அவன்ர பேரும் திகதியும் ஒரு தாளில வேணும். வெள்ளிக்கு முதல் வேணும். பிந்தினா தடுப்புக்காவல் ஓடர் போட்டிடுவாங்கள்.”

என் றிப்போட்டில் அப்படி ஒரு வரி இருந்தது. மாதிரித் துண்டைச் செய்தவர், திகதி.

4

முடிவு ஒன்று: பெரியதம்பி என்று எழுதுகிறேன். அவன் வெளியே வருகிறான். மஜீட்டின் துண்டை வைத்துப் பெரியதம்பியின் தண்டுக்குச் சான்று கொடுக்கிறேன். தண்டு நல்லதாகவே இருக்கக்கூடும். கூடும் என்பதற்குக் கையெழுத்துப் போடலாமா?

முடிவு இரண்டு: மஜீட் என்று எழுதுகிறேன். றிப்போட் சுத்தம். ஆனால் வேறு ஆளின் துண்டை வைத்துத் தண்டுக்குச் சான்று கொடுக்க முடியாது. தண்டு பெட்டிக்குள் கிடக்கிறது, நோயாளிகளைப் படியால் தூக்குகிறார்கள். புவாத் பொய்யராகிறார். பெரியதம்பி உள்ளே.

முடிவு மூன்று, எல்லோருக்கும் பிடித்தது: தண்டிலேயே துளை போடுகிறேன். இழுவை நேரே தெரிந்துவிட்டால் துண்டை யார் செய்தால்தான் என்ன? துணிந்து அவன் பெயரை எழுதலாம். [கைவசமிருந்த கடைசி உணரியைத் துண்டில் ஒட்டிவிட்டேன். வயர் வைத்த சாமான் எதுவும் அந்த யுத்த நாட்களில் பாதுகாப்பு அனுமதியில்லாமல் துறைமுகத்தைத் தாண்டாது. புதிது வர மூன்று மாதம்.]

5

ஆகவே வியாழக்கிழமை பத்மாவதியோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பெரியதம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“துண்டு எவ்வளவு காட்டினது, சேர்?”

எண்ணைச் சொன்னேன்.

“என்ர கை அவ்வளவு இழுக்காது. அதுக்கு என்ர பேரைப் போடாதேங்கோ.”

நல்ல காட்சி. நேசமலர் வாசித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். “நீங்கள் எப்ப பொலிசுக்குப் போனனீங்கள்?”

போகவில்லை. சந்தேகநபரைத் தேடி ஒரு தமிழன் போனால் அவன் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொள்வார்கள். பயந்தேன். பத்மாவதி கூப்பிட்டபோது லீவு இல்லை என்றேன். ஆய்வுகூடத்தில் இருந்தபடி மஜீட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை ஓடர் வந்தது. அதன்பின் பெரியதம்பியை நான் காணவில்லை, தேடவுமில்லை.

உண்மையான பெயரை எழுதியதற்கு நான் வெட்கப்படவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காததற்கு வெட்கப்படுகிறேன். இத்தனை வருடம் கழித்து எனக்கு வசதியான வசனத்தை அவன் வாயில் வைத்தது அதைவிட மோசம்.

அவன் பேசிய இரண்டு இடத்தையும் வெட்டுகிறேன். காட்சியில் இப்போது அவன் பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் இருக்கிறான். நான் சொல்லி முடித்துவிட்டேன். அவன் பதிலை நீங்கள் எழுதுங்கள். நான் எழுதினால் அவன் மறுபடியும் என்னை மன்னித்துவிடுவான்.