பனியில்லாத வெள்ளிக்கிழமை

அம்மா இறந்த செய்தி எனக்குத் தெரிந்து நாற்பத்தொரு மணித்தியாலம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

புதன்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு, பதுளையில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு ஏஜென்சியிலிருந்து அழைத்தார்கள். ரியாத்தில், அம்மா வேலை செய்த வீட்டில், தூக்கத்திலேயே என்றார்கள். உடலை அனுப்ப அப்பாவின் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒருவர் படிவத்தோடு எங்கள் தோட்டத்து லய வீட்டுக்கே வருவார். அன்றிரவே நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

லயத்தில் சிக்னல் கிடையாது. வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு லீவு. அன்று அப்பா தேயிலைக்கு மேலே முகடு வரை ஏறி, அம்மாவின் வீடியோ கோலுக்குக் காத்திருப்பார்.

இந்த வாரம் குளியலறைக்குக் கதவு போட்டிருந்தார். அதைச் சொல்ல நேற்றே கிளம்பினார்.

"பனி மூடியிருக்குப்பா. சிக்னல் வராது" என்றேன்.

பௌதிகம் படித்த மகள் சொன்னால் அவர் நம்புவார். உண்மையில் பனி போன் அலைகளைத் தடுக்காது.

இன்று ஒரு துண்டு முகில்கூட இல்லை. அப்பா சவரம் செய்து, பவுடர் போட்டிருந்தார். அவர் தனியாகப் போகக் கூடாதென்று நானும் கிளம்பினேன். தேயிலை முடிவதற்குள் சொல்லிவிட நினைத்தேன். தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கிவிட்டது.

மேலேயிருந்து பக்கத்து லயத்து விசாலாட்சி அக்கா இறங்கி வந்தார்.

"என்னண்ணே, பவுடர அப்பிக்கிட்டு பொண்ணு பாக்கவா?"

"ஆமா, இருபத்தாறு வருசத்துக்கு முன்னால பாத்த அதே பொண்ணுதான்."

"அது வேணாம்னு சொல்லிறப் போகுது. போங்க, சிக்னல் கொட்டுது இன்னைக்கு."

அப்பா சிரித்துக்கொண்டே ஏறினார். நான் அவருடைய குதிகால் வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனேன்.

முகட்டில் ஒரு பக்கம் பசறை, மறுபக்கம் தூரத்தில் பதுளை. பஸ் ஒன்று வளைவில் திரும்புவதுகூடத் தெரிந்தது. அப்பா போனை உயர்த்தினார்.

"நாலு கோடும் நிக்குது பாப்பா!"

அரைமணி நேரம் காத்திருந்தோம். பிறகு அவரே அம்மாவுக்குக் கோல் எடுத்துப் பார்த்தார். மறுபடியும் எடுத்தார்.

"ஓஃப்னு சொல்லுது. அந்த வீட்டு மேடம் போன வாங்கி வச்சிருப்பாளோ?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். என் போனைப் பார்த்தேன். மணி பத்தே முக்கால். இறங்க ஒரு மணித்தியாலம் ஆகும்.

"அந்தப் பாறைக்கு ஏறிப் பாப்போம்" என்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தார். நான் நகரவில்லை. திரும்பிக் கையை நீட்டினார்.

"வா. அவளும் நம்மளத்தான் தேடிக்கிட்டிருப்பா."

"அங்க போனாலும் எடுக்க மாட்டாங்கப்பா."

"ஏன்?"

"அம்மா செத்துப்போயிட்டாங்க."