அக்கா வீட்டு நீச்சல்குளம்

அக்கா குடும்பத்தோடு கடற்கரைக்கு விடுமுறை போனாள். வீட்டிலேயே நீச்சல்குளம் வைத்திருப்பவர்கள் தண்ணீரைப் பார்க்க ஏன் விமானம் ஏறிப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. "வீட்டைப் பாத்துக்க நம்பிக்கையா ஒரு ஆள் வேணும்டி. உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்," என்றாள். வேலைக்கு ஆள் கிடைக்காதபோதெல்லாம் எனக்கு ஒரு மாறுதல் தேவைப்படுவது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. பள்ளிக்கும் விடுமுறை. மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா வீட்டைச் சுற்றிக் காட்டினாள். எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர், புல்லுக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே ஊற்ற வேண்டும், மஞ்சள் பூச்செடிக்கு இலையில் ஈரம் படக்கூடாது. குளத்தில் காலையும் மாலையும் வலைபோட்டு இலை அள்ள வேண்டும். சுவரையும் அடித்தளத்தையும் நீளக் கம்புப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஓரத்தில் குப்பை சேரும் வடிகூடையைக் கழற்றிக் கொட்ட வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து குளோரின் போட வேண்டும். "உன் வீடு மாதிரி நினைச்சுக்க," என்று சொல்லிக்கொண்டே மாடி அறைச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கடைசியாக என் மகளின் கன்னத்தைத் தட்டி, "நீயும் ஆசை தீர நீந்தும்மா, செல்லம்," என்றாள்.

என் மகள் தண்ணீரில் இறங்கமாட்டாள் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவ்வளவு தாராளம். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

என் மகளுக்கு வயது பதினொன்று. நான் வாலு என்று கூப்பிடுவேன். எட்டு வயதில் விரல் முட்டிகளில் வெண்புள்ளி வந்தது. பிறகு கழுத்து, முழங்கை, முழங்கால் என்று படர்ந்தது. வலிக்காது, யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றுமில்லை என்று தோல் டாக்டர் சொன்னார். அதை அவர் என்னிடம் சொல்லி என்ன பயன்? ஊருக்கு யார் சொல்வது? வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், தன் அம்மா சொன்னாள் என்று வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதன்பின் இவள் கோடையிலும் முழுக்கைச் சட்டைதான். போட்டோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெண்புள்ளி வருவதற்கு முன்னால், நீச்சல் வகுப்பில் அவளைத் தண்ணீரிலிருந்து வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

முதல் சில நாட்கள் எனக்கு இடுப்பு ஒடிந்தது. குளம் ஒரு மாமியார் மாதிரி. எவ்வளவு செய்தாலும் சாயங்காலம் ஒரு குறையோடு நிற்கும். காலையில் இலையை அள்ளினால் மதியம் மரம் இன்னொரு கூடை கொட்டும். வடிகூடையில் ஒரு தவளை உட்கார்ந்துகொண்டு என்னையே முறைத்தது. மூலையில் சுவர் பாசி பிடித்து வழவழத்தது. மண்டிபோட்டுத் தேய்த்தேன். வாலு குளத்து ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, சொட்டு மருந்தின் நிறம் பார்த்துச் சொல்வாள். "இன்னும் கொஞ்சம் மஞ்சளா வரணும்மா." எனக்கு மேஸ்திரியாகிவிட்டாள்.

ஒருநாள் உச்சிவெயிலில் கேட்டாள்: "அம்மா, யாரும் வரமாட்டாங்கல்ல?"

"யாரு வரப்போறா? கேட்டைப் பூட்டிட்டேன்."

"பக்கத்து வீட்டு மாடியிலேர்ந்து தெரியுமா?"

"மரம் மறைக்குது. வேணும்னா போய்ப் பாத்துட்டு வா."

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். உள்ளே போனாள். கையில்லாத பழைய பனியனும் அரைக்கால் சட்டையுமாகத் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், ஓடிப் போய்த் தொப்பென்று குதித்தாள்.

நான் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீச்சலை அவள் மறக்கவே இல்லை. முங்கி அந்தக் கரையில் எழுந்தாள். மல்லாந்து மிதந்தாள். தண்ணீரை என் மேல் அடித்துவிட்டு, "ஏய் அம்மா!" என்று கத்தினாள். இந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! எனக்கு அழுகை வந்தது, அழுதேன். தண்ணீர் தெறித்த முகத்தில் அது யாருக்குத் தெரியப் போகிறது?

"போட்டோ எடும்மா!" என்றாள். அவளாகவேதான் கேட்டாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, முழங்கை வெள்ளையும் கழுத்து வெள்ளையும் வெயிலில் பளிச்சென்று தெரிய, பல்லெல்லாம் காட்டிச் சிரித்தாள். படத்தைக் காட்டினேன். ஈரக்கையால் போனைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"குடும்பக் குரூப்ல போடட்டுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "போடு," என்றாள்.

போட்டேன். முதலில் வந்தது அக்காவின் பதில்தான். வரிசையாகச் சிவப்பு இதயங்கள். "என் தங்கம்! மீன்குட்டி!" வாலு அதை இரண்டு தடவை படித்தாள். அடுத்த நாளும் காலையிலிருந்து தண்ணீரிலேயே கிடந்தாள்.

அதற்கு மறுநாள் காலை, பூல்காரர் வண்டியில் வந்து இறங்கினார். எப்போதாவது தண்ணீரைச் சுத்தம்செய்யும் பில்டரைப் பார்க்க வருபவர் என்று அக்கா சொல்லியிருந்தாள். அவரோ பெரிய மோட்டாரையும் தடித்த ஹோஸையும் இறக்கினார்.

"பில்டர்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மேடம். தண்ணி மொத்தத்தையும் எடுத்துட்டு, ஆசிட் போட்டுத் தேய்ச்சு, புதுசா நிரப்பச் சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

"எப்போ சொன்னாங்க?"

"முந்தாநாள் மத்தியானம் போன் வந்துச்சு. அவசரம்னாங்க." அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். "நல்லாத்தான் வச்சிருக்கீங்க. எனக்கும் ஏன்னு புரியல."

எனக்குப் புரிந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். அலைச் சத்தமும் அவள் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

"எதுக்குக்கா தண்ணிய மாத்தற?"

"ஓ, வந்துட்டாரா? அதெல்லாம் வழக்கமா செய்யறதுதான்டி."

"போட்டோ பாத்த அன்னிக்கே போன் பண்ணியிருக்க."

அவள் எழுந்து தள்ளி வந்திருக்க வேண்டும், அலைச் சத்தம் குறைந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தப்பா எடுத்துக்காத. எனக்குத் தெரியாதா, அது ஒட்டாதுன்னு? உங்க அத்தான்தான்... அவரும் தப்பா ஒண்ணும் சொல்லல. சும்மா ஒரு மனத் திருப்திக்கு. நாளன்னிக்கு வந்ததும் பசங்க நேரா அதுலதான் குதிப்பாங்க."

"நாங்க போனப்புறம் செஞ்சிருக்கக் கூடாதா? அவ இங்கதான்க்கா இருக்கா."

"நிரம்ப நேரமாகும்லடி. அவகிட்ட ஏதாவது சொல்லிச் சமாளி. நீதான் நல்லாப் பேசுவியே." பிறகு, பேச்சை மாற்றுகிறாளாம்: "மஞ்சள் பூச்செடி இலையில தண்ணி படலையே?"

போனை வைத்தபோது பூல்காரர் மோட்டாரைப் போட்டிருந்தார். அந்தச் செடியைப் பிடுங்கிக் குளத்தில் வீச வேண்டும் போலிருந்தது. பூல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நிறுத்தட்டுங்களா மேடம்?" என்று கேட்டார். நிறுத்தச் சொன்னால் அவர் பிழைப்பில் மண் விழும். சொல்லாவிட்டால் என் பெண் பார்ப்பாள். என்ன பொய் சொல்லலாம் என்று தேடினேன். நன்றாகப் பேசுகிறவள் என்று பெயர் வாங்கிய எனக்கு ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.

அதற்குள் வாலு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தெரு வடிகாலுக்குப் போட்டிருந்த ஹோஸ் புடைத்துக்கொண்டு தண்ணீரைத் துப்பியது. அவள் ஹோஸைப் பார்த்தாள். ஆசிட் கேனைப் பார்த்தாள். என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தை.

"அம்மா," என்றாள், சாதாரணமாக. "அடியில ஒரு விரிசல் இருந்துச்சும்மா. நேத்து முங்கும்போது பாத்தேன். சொல்ல மறந்துட்டேன்."

நான் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அவள் பூல்காரரிடம் திரும்பினாள். "அதைச் சரிபண்ணத்தானே அங்கிள் தண்ணிய எடுக்கறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாம்மா. பெரிய விரிசல்தான்," என்றார்.

அந்தக் குளத்தின் அடித்தளத்தை ஒவ்வொரு ஓடாக நான் பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறேன். மயிரிழைக் கீறல்கூடக் கிடையாது. நான் சொல்லியிருக்க வேண்டிய பொய்யை என் மகள் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு தெரிந்திருக்கக் கூடாது.

தண்ணீர் முதல் படிக்குக் கீழே இறங்கியிருந்தது. அவள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அடி தெரியறதுக்குள்ள நாம வீட்டுக்குப் போயிடலாமா?"