வெள்ளைப் புகை வரும்வரை பேசவும்

சாத்தூரில் இந்த ஆண்டின் பனிக்காலம் செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்குத் தொடங்கி நாலு இருபத்தைந்துக்கு முடிந்தது. மாரீஸ்வரி அப்போது தபால் நிலையத்தில் வரிசையில் நின்றிருந்தாள். வெளியே வந்தபோது தார்ச்சாலை காய்ந்து கிடந்தது. நல்ல பனி என்று எல்லோரும் சொன்னார்கள்.

வீட்டுக்கு ஒரு ஸ்னோமொபைல் என்பது விதி. ஊரில் அதைப் பனிவண்டி என்பார்கள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ஒரு ரப்பர் பட்டை, நடுவில் இன்ஜின். மாரீஸ்வரி வீட்டு வண்டி மஞ்சள் நிறம். அவள் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

பருவம் முடிந்தால் மூன்று நாளுக்குள் இன்ஜினைப் பக்குவம் செய்து கொட்டகையில் ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பருவ முடிப்பு அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் ஜெயக்கொடி வந்தார். கம்பளிக் குல்லா போட்டிருந்தார். தாடையிலிருந்து வியர்வை சொட்டியது. அதை ஒரு குப்பியில் பிடித்து மூடிக்கொண்டார்.

"இதை நாங்க ஓட்டவே இல்லையே சார். ஓட்டாத வண்டியை எதுக்குக் கட்டி வைக்கணும்?" என்றாள் மாரீஸ்வரி.

புது ஆட்களிடம் பேச அவளுக்குக் கூச்சம். இந்த இரண்டு வாக்கியங்களையும் காலையிலிருந்து தயார் செய்து வைத்திருந்தாள்.

"ஓட்டுனா தேயும். ஓட்டலைன்னா துருப்பிடிக்கும். ரெண்டுக்கும் ஒரே ஃபாரம்தாம்மா."

அவளுக்கு அவசரம் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு தீப்பெட்டி ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். வேதியியல் படித்து முடித்து, இரண்டு வருடம் காத்திருந்து வந்த கடிதம். செவ்வாய்க்கிழமை வரிசையில் நின்று வாங்கியது அதைத்தான். பத்து மணி தாண்டினால் வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

வண்டியின் கையேடு ஃபின்னிஷ் மொழியில் இருந்தது. அவள் இரண்டு முறை படித்திருந்தாள்.

முதலில் டேங்கில் பெட்ரோல் கெடாமலிருக்க மருந்து ஊற்றினார்கள். இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டார்கள். மருந்து கார்புரேட்டர் வரை போய்ச் சேர வேண்டும். அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்று உள்ளே போகிற துளையில் எண்ணெய் தெளிக்க வேண்டும். உள்ளே எங்கும் எண்ணெய் படியும். வெள்ளைப் புகை வரும். இன்ஜின் இருமிவிட்டுத் தானாக நிற்கும். அப்படித்தான் நின்றது. அது இருமியபோது தெருவிலிருந்த கதவுகள் எல்லாம் ஒருமுறை திறந்து மூடின.

எலி புகாமலிருக்க ஜெயக்கொடி சைலன்சர் வாயில் துணி அடைத்தார். எலிகள் வரிசையில் நின்று பார்த்தன.

"அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். எலிகள் கலைந்தன.

பிறகு அவர் பேட்டரியின் பிளஸ் முனையில் ஸ்பானரை வைத்தார்.

"சார், மைனஸைத்தான் முதல்ல கழற்றணும்."

"முப்பது வருஷமா கழற்றுறேன்."

"ஸ்பானர் பாடில பட்டா பொறி பறக்கும் சார்."

ஸ்பானர் பாடியில் பட்டது. பொறி பறந்தது. குல்லாவில் ஒரு நூல் கருகியது. அவர் மைனஸைக் கழற்றினார். அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி வேலை அம்மாவுடையது. சந்தனமும் குங்குமமும் வைப்பது. ஆயுத பூஜை மாதிரியேதான். பொட்டு வைத்துவிட்டால் அந்தப் பொருள் பூஜையில் இருக்கிறது. யாரும் தொடக் கூடாது, வேலை வாங்கக் கூடாது. அம்மா வண்டியின் நெற்றியில் வைத்தாள். கட்டைகளில் வைத்தாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கச் சக்கரம் இல்லை. அதை இடுப்பில் சொருகிக்கொண்டாள். விரலில் கொஞ்சம் சந்தனம் மிச்சமிருந்தது. சுவரில் தேய்த்தால் கறை. பக்கத்தில் நின்ற மகளின் நெற்றியில் தேய்த்துவிட்டாள்.

ஜெயக்கொடி ஃபாரத்தில் ஒன்று என்பதை அடித்து இரண்டு என்று எழுதினார்.

"என்ன சார் ரெண்டு?"

"பொட்டு வச்சது ரெண்டு."

"அது மிச்சம் சார்" என்றாள் அம்மா. "கையில இருந்த மிச்சம். எந்த வீட்லதான் பிள்ளைக்குப் பூசிவிடல?"

"மிச்சத்துக்கு ஃபாரத்துல இடம் இல்லையேம்மா."

"நான் அழிச்சிடுறேன்" என்று மாரீஸ்வரி கையைத் தூக்கினாள்.

"பூஜையில இருக்கறதைத் தொடக் கூடாது."

"என் நெத்தியை நானே தொடக் கூடாதா?"

"வண்டி தன்னைத்தானே துடைச்சுக்குதா?"

அம்மா, மகளின் தோள்மேல் இருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. மாரீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா! நாளைக்கு எனக்கு வேலைம்மா!"

"சாமி காரியம்டி. வச்சாச்சு. நான் என்ன செய்ய?"

ஜெயக்கொடி எண்ணெய் டப்பாவை அவள் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இன்ஜின் ஓடணும். பேசுங்க."

மாரீஸ்வரி வாயை மூடிக்கொண்டாள். ஓடாத இன்ஜினில் எண்ணெய் தெளிக்க முடியாது. கையேட்டில் அப்படித்தான் இருந்தது.

"ஓடலைன்னா பழுது. பழுதுன்னா பிரிச்சுப் பார்க்கணும்." அவர் ஸ்பானரை எடுத்தார்.

அவள் பேசினாள். இருபத்து மூன்று வருடம் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் பேசினாள்.

"நான் என்ன சார் வண்டியா? ரெண்டு வருஷமா உக்காருன்னாங்க, உக்காந்தேன். நாளைக்கு வான்னாங்க, போனேன். பனி பேஞ்சப்பகூட நான் வரிசையை விட்டு நகரல. உங்க பனி எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. இப்ப ஒரு விரல் சந்தனத்தைக் காட்டி உள்ள போய் உக்காருங்கறீங்க. யாரைக் கேட்டு? அது எத்தனாவது விதி? சொல்லுங்க, எத்தனாவது—"

அவர் மூக்கில் எண்ணெய் தெளித்தார். அடுத்த சொல்லுக்குப் பதிலாக வெள்ளைப் புகை வந்தது. இருமினாள். குரல் தானாக நின்றது.

"நல்லா ஓடுற இன்ஜின்" என்றார் ஜெயக்கொடி, கொஞ்சம் மரியாதையோடு. அவள் வாயில் துணி அடைத்தார். எலிகள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

கொட்டகை பன்னிரண்டு அடி. தள்ளத் தள்ள நீண்டது. நான்கு பஸ் நிறுத்தம் தாண்டித்தான் பின்சுவர் வந்தது. பட்டை தரையில் படாதபடி வண்டியைக் கட்டைமேல் ஏற்றினார்கள். பாதம் தரையில் படாதபடி அவளை ஸ்டூல்மேல் ஏற்றினார்கள். இரண்டுக்கும் ஒரே தார்ப்பாய்.

ஃபாரத்தில் ஒரு கட்டம் மீதமிருந்தது. பேட்டரி கழற்றப்பட்டதா?

மாரீஸ்வரி தலையைத் தூக்கினாள். ஜெயக்கொடி விரலை உயர்த்தினார்.

"நீங்க சொல்லித்தர வேண்டாம். மைனஸ் முதல்ல. எனக்குத் தெரியும்."

குனிந்து பார்க்காமலே வண்டிக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று இரண்டு டிக் போட்டார்.

தன்னிடமிருந்து எதையும் கழற்றவில்லை என்று அவள் சொல்லித்தரவில்லை. வாயில் துணி இருந்தது. துணி இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

மறுநாள் காலை தார்ப்பாய் ஓட்டை வழியாக வெயில் வந்தது. நான்கு நிறுத்தத்துக்கு அப்பாலிருந்து அம்மாவின் குரல் பக்கத்தில் கேட்டது.

"ஏ மாரி, அடுத்த பனி வரைக்கும் உனக்குத் தோசை வேண்டாம்ல?"

பட்டியலில் இருந்த அடுத்த பெயர் எங்கோ தலை சீவிக்கொண்டிருந்தது. சீப்பு ஓடும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

ஒன்பது இருபதுக்கு அவள் ஒருமுறை இருமினாள். துணி தெறித்து விழுந்தது. மறுபடி இருமினாள். நெஞ்சுக்குள் ஏதோ சுற்றி நின்றது. எண்ணெய் தெளித்த இன்ஜின் முதலில் அடம்பிடிக்கும் என்று கையேட்டில் இருந்தது. மூன்றாவது இருமலில் பிடித்துக்கொண்டது.

தார்ப்பாயோடு கிளம்பினாள். இரண்டாவது நிறுத்தத்தில் தார்ப்பாய் நழுவியது. மூன்றாவதில் சந்தனம் காய்ந்து உதிர ஆரம்பித்தது. வாசலில் அம்மா துடைப்பத்தோடு ஒதுங்கி வழிவிட்டாள்.

"ஏ மாரி, பொட்டுடி! பூஜையில இருக்கடி!"

"அது எத்தனாவது விதி?" என்றாள் மாரீஸ்வரி.

குரலோடு வெள்ளைப் புகையும் வந்தது. நிற்கவில்லை.